கடலை விளையும் வீட்டில் கடலை ஒத்துக்காத பிள்ளை

(பண்ணை ஒலிபரப்புக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



நிலக்கடலையைப் பற்றி வானொலியில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். விதை நேர்த்தி எப்படிச் செய்வது, ஜிப்சம் எப்போது போடுவது, சுருள் பூச்சி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இன்றைக்கு நான் சொல்ல வந்தது செடியைப் பற்றி அல்ல. அந்தச் செடியில் விளையும் பருப்பு வாயில் பட்டாலே உடம்புக்கு ஆகாமல் போகிற பிள்ளைகளைப் பற்றி.

"கடலை ஆகாதா? இதென்ன புதுக் கதை? கடலையைத் தின்றுதானே நாங்கள் எல்லாம் வளர்ந்தோம்" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பேருக்குக் கடலை நல்ல உணவுதான். புரதச் சத்தும் கொழுப்புச் சத்தும் நிறைந்தது. ஆனால் அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் 100 குழந்தைகளில் 1 அல்லது 2 பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. குறைவாக இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காததை நம்ப மாட்டார்கள். நம்பாத வீட்டில்தான் பிள்ளைக்கு உயிராபத்து வருகிறது.

பித்தம் வேறு, பூஞ்சணம் வேறு, ஒவ்வாமை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். கடலையை அதிகமாகத் தின்றால் வயிறு மந்தமாகும், பித்தம் என்று சொல்வோம். ஒரு துண்டு வெல்லம் சேர்த்துத் தின்னச் சொல்வார்கள். அது ஒன்று. ஈரக் கடலையைச் சரியாகக் காய வைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது எல்லோருக்குமே கெடுதல். அது இன்னொன்று. நாம் பேசுவது மூன்றாவது சங்கதி. நல்ல கடலை, புதுக் கடலை, ஒரே ஒரு பருப்பு என்றாலும் ஒரு சில பேருக்கு மட்டும் ஆகாது. அதுதான் ஒவ்வாமை, அலர்ஜி என்பது.

காவலுக்கு வளர்த்த நாய் திருடனைக் கடிக்கணும். ஆனால் சில நாய் சொந்தக்காரர் வந்தாலும் பாய்ந்து குதறிவிடும். உடம்புக்குள்ளும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. நோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய அந்தக் காவல், கடலையில் உள்ள புரதத்தைப் பகையாக நினைத்துப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் சில ரசாயனங்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. அவற்றால்தான் தோல் தடிக்கிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நாயை உசுப்ப ஒரு மூட்டை கடலை தேவையில்லை. ஒரு துணுக்குப் போதும்.

அடையாளம் தெரிந்து கொள்ளுங்கள்

கடலை தின்ற சில நிமிஷத்தில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள், அடையாளம் தெரிந்துவிடும். வாயில் நமைச்சல், உதடு வீக்கம், கண் இமை வீக்கம், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிப்பு, வயிற்று வலி, வாந்தி இப்படி ஆரம்பிக்கும்.

இந்தத் தடிப்பைப் பார்த்ததும் நம் ஊரில் என்ன சொல்வோம்? "காணாக்கடி" என்போம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்று வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்போம், மந்திரிக்க அழைத்துப் போவோம். காணாக்கடி என்று சொல்வதெல்லாம் கடலையால் வந்தது அல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கடலை தின்ற நாளில் எல்லாம் காணாக்கடி வருகிறது என்றால், கடித்தது பூச்சி அல்ல, கடலைதான் என்று சந்தேகப்படுங்கள். என்ன தின்றது, எத்தனை நிமிஷத்தில் வந்தது, எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தச் சோதனையும் இருக்கின்றன. சோதனையோடு நீங்கள் சொல்லும் விவரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமே என்று சோதனை செய்யாதீர்கள்.

கீழே சொல்லும் அடையாளங்கள் ஆபத்தானவை. குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, நாக்கு வீங்குவது, விடாத இருமல், இழுப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம், குழந்தை வெளுத்துத் துவண்டு போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் உயிருக்கு ஆபத்து. தோலில் தடிப்பே இல்லாமலும் இவை வரலாம். "போன தடவை வெறும் தடிப்புதானே வந்தது, இந்தத் தடவையும் அவ்வளவுதான்" என்று கணக்குப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இன்னும் உஷாராக இருக்கணும்.

அந்த நேரத்தில் என்ன செய்யணும்?

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் என்ற ஊசி. தொடையின் நடுவில், வெளிப்பக்கத்துச் சதையில் போடுவார்கள். அது மூச்சுக்குழாயைத் திறக்கும், இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சில பேருக்கு அந்த மருந்தே ஒத்துக்காமல் போகும். அப்போது போடுவதற்கு இதே அட்ரினலினைத்தான் பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்கள். மலிவான மருந்து. ஆனால் நேரத்தோடு போடணும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை தடிப்பை அடக்குமே தவிர, மூச்சை மீட்காது. அதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்தான் பொழுது போய்விடுகிறது.

ஆகவே ஆபத்தான அடையாளம் கண்ட உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "கடலை தின்று அலர்ஜி, மூச்சு முட்டுகிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். மூச்சு முட்டிப் படுக்க முடியாவிட்டால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். எழுப்பி நிற்க வைப்பதும் நடக்க விடுவதும் கூடவே கூடாது. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்போது நிமிர்ந்து நின்றால் நெஞ்சு நின்றுவிடக் கூடும்.

நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. அவசரம் என்றால் பிள்ளையைப் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துப் பறப்போம். இந்த நோயில் அது சரியில்லை. 108 வர நேரமாகும் என்றால் காரோ, வேனோ, ஆட்டோவோ பிடித்துப் பின்னால் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். அட்ரினலின் எங்கே கிட்டத்தில் கிடைக்குமோ அங்கே முதலில் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஊசி போட்டு அடங்கிய பிறகும் உடனே வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் கிளம்புவது உண்டு. டாக்டர் போகச் சொல்லும் வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

இன்னொரு விஷயம். மேல்நாடுகளில் இந்த மருந்தைப் பேனா மாதிரி ஒரு குழாயில் அடைத்து வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நம் பக்கத்து மருந்துக் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும் பொருள் அல்ல. அதற்குப் பதில் மருந்துக் குப்பியும் ஊசியும் கொடுத்து, எவ்வளவு போடணும், எங்கே போடணும் என்று பெற்றோருக்குச் சில டாக்டர்கள் பழக்கிக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று கேளுங்கள். கொடுத்தால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலாவதி தேதியைப் பார்த்துக் கொண்டே இருங்கள். எடுத்துப் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு பேராவது கற்றுக் கொள்ளணும்.

கடலை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

மருந்து கைவசம் இருந்தாலும், அதற்கு வேலை வராமல் பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இதில் நம் மொழியே ஒரு சிக்கல் பண்ணுகிறது. கொண்டைக்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை, நிலக்கடலையும் கடலை. ஒரு பக்கம் வேர்க்கடலை என்கிறோம், ஒரு பக்கம் மல்லாட்டை என்கிறோம், மணிலாக்கொட்டை என்கிறோம். "பிள்ளைக்குக் கடலை ஆகாது" என்று நீங்கள் பொதுவாகச் சொன்னால், கேட்டவர் கொண்டைக்கடலைச் சுண்டலை நிறுத்திவிட்டு வேர்க்கடலைச் சட்னியை ஊற்றிவிடுவார். ஆகவே உங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, காயையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். கடலைமாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை இவை எல்லாம் வேறு பயிர். நிலக்கடலை ஆகாதவர் பெரும்பாலானோருக்கு இவற்றால் தொந்தரவு இல்லை. ஆனாலும் முந்திரி, பாதாம், எள் இவற்றில் ஏதாவது சேர்ந்து ஆகாமல் போகிறதா என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

சட்னி, இட்லிப் பொடி, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, மிக்சர், கடலை உருண்டை, 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய், இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதவையும் உண்டு. ஓட்டல் குருமாவில் முந்திரிக்குப் பதிலாக நிலக்கடலையை அரைத்து ஊற்றுவார்கள். வீட்டுச் சத்து மாவில் ஒரு கை வறுத்த கடலை சேரும். கோயில் புளியோதரைப் பிரசாதத்தில் இருக்கும். மிக்சரில் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கொடுத்தால் ஆகாதா என்றால், ஆகாது. துணுக்கும் தூளும் அதில் ஒட்டியிருக்கும்.

எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் இருப்பதே அபூர்வம். நாம் விரும்பி வாங்கும் மரச்செக்கு எண்ணெய் அப்படி அல்ல. அதில் பருப்பின் புரதம் கலந்து நிற்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் செக்குக் கடலை எண்ணெய் கூடாது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஆட்டும்போதும் அந்தச் செக்கில் அதற்கு முன் என்ன ஆட்டினார்கள் என்று கேளுங்கள். வறுப்பதால் கடலையின் தீங்கு போகாது, இன்னும் கூடும். அவித்தால் சற்றுக் குறையும். ஆனால் போகாது.

கடைப் பொட்டலம் வாங்கினால் படித்துப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி நிலக்கடலை சேர்ந்திருந்தால் அதைத் தெரிவிக்கணும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பீநட், கிரவுண்ட்நட் என்று அச்சிட்டிருக்கும். அந்த இரண்டு சொல்லையும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். தட்டில் குவித்து விற்கும் பண்டத்துக்கு லேபிள் இல்லை. அதை விட்டுவிடுவதே நல்லது.

கடலை பயிரிடுவதை நிறுத்தணுமா?

இதுதான் உங்கள் மனதில் ஓடும் பெரிய கேள்வி. வருமானமே கடலைதான், பிள்ளைக்கோ கடலை ஆகாது, என்ன செய்வது? பயிரை விட வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் வாய் வழியாகத்தான். கடலை வறுக்கும் வாசனை காற்றில் வந்தாலே பிள்ளை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாசனையில் அந்தப் புரதம் இல்லை. தூசி வேறு விஷயம். காய் உடைக்கும் எந்திரம் ஓடும் இடத்திலும், பிண்ணாக்கு இடிக்கும் இடத்திலும் தூள் பறக்கும். கண் அரிப்பு, தும்மல், இழுப்பு வரலாம். அங்கே அந்தப் பிள்ளை இருக்கக் கூடாது.

வீட்டுக்குள் சில ஏற்பாடு செய்து கொண்டால் போதும். மூட்டையைப் படுக்கிற அறையிலும் அடுப்படியிலும் அடுக்காதீர்கள். காய் ஆய்வதும் உடைப்பதும் வெளிக் களத்தில் இருக்கட்டும், திண்ணையில் வேண்டாம். வேலை முடித்து வந்தவர் கையை வெறும் தண்ணீரில் அலம்பினால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவணும். கைக்குத் தடவும் கிருமிநாசினித் திரவமும் இந்தப் புரதத்தை எடுக்காது. மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊற வைத்த கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கரண்டி, தனி மிக்ஸி ஜார் வைத்துக் கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுச் சமையலிலேயே கடலையை விட்டுவிடுங்கள். விற்பதற்கு விளையட்டும். அடுப்படிக்கு வேண்டாம்.

மறைக்காதீர்கள்

"பெண் பிள்ளை. இப்படி ஒரு குறை இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் அமையுமா" என்று சில வீட்டில் மறைப்பார்கள். இது குறையும் அல்ல, தொற்றும் அல்ல. கடலையைத் தவிர்த்தால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடலாம், படிக்கலாம், உழைக்கலாம். மறைத்தால்தான் ஆபத்து. பள்ளிக்கூடத்து ஆசிரியர், சத்துணவு ஆயா, அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டு அக்கா, கூட விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியணும். பிள்ளைகள் கடலை மிட்டாயைச் சட்டையில் மூடிக் காக்காய்க் கடி கடித்துப் பங்கு போடும் வயது அது. "எனக்கு ஆகாது, வேண்டாம்" என்று சொல்ல உங்கள் பிள்ளைக்குப் பழக்குங்கள். ஒரு அட்டையில் பெயர், ஆகாத பொருள், வீட்டுப் போன் எண், 108 எல்லாம் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கல்யாணப் பந்தியில் உட்காரும் முன் சமையல்காரரையே நேரில் கேளுங்கள். பரிமாறுகிறவருக்குத் தெரியாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிப் போகும், மருமகள் பயந்து சாகிறாள்" என்று ஒளித்து ஒரு பருப்பை ஊட்டிவிடாதீர்கள். அளந்து கொடுத்துப் பழக்கும் வைத்தியம் மேல்நாட்டில் உண்டு. அதற்கென்று ஒரு மருந்தை அமெரிக்காவில் 2020-இல் அனுமதித்தார்கள். ஆனால் அது டாக்டர் பக்கத்தில் இருந்து மில்லிகிராம் கணக்கில் செய்கிற காரியம். ஊட்டும் கைக்கு அந்த அளவு தெரியாது. வளர வளரச் சுமார் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இந்த ஒவ்வாமை தானாகவே விலகுவதும் உண்டு. விலகிவிட்டதா என்பதையும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கணும்.

கைக்குழந்தைக்குக் கடலை தரலாமா?

இவ்வளவும் கேட்டபின், "இனி எந்தக் குழந்தைக்கும் கடலையே தர மாட்டேன்" என்று ஒரு தாய் முடிவு செய்துவிடக் கூடாது. அது தப்பு. இஸ்ரேல் நாட்டில் சின்னக் குழந்தைகளுக்கே கடலையில் செய்த பொரி மாதிரியான பண்டத்தைக் கொடுப்பார்கள். அங்கே இந்த ஒவ்வாமை குறைவு. இதைக் கவனித்து லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள் அவை. கடலையையே காட்டாமல் வளர்த்தவர்களில் 5 வயதில் 100-க்கு 17 பேருக்கு ஒவ்வாமை வந்தது. முதல் வயதிலிருந்தே கடலை தின்று வளர்ந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் வந்தது.

ஆகவே சாதாரணக் குழந்தைக்கு 6 மாதத்தில் மற்ற உணவு தொடங்கிய பிறகு, கடலையை மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்துச் சிறிதாகக் கொடுக்கலாம். முழுப் பருப்பு 5 வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், முட்டை ஆகாத குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே கடலை ஆகவில்லை என்று தெரிந்த பிள்ளைக்கு இது பொருந்தாது. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

விவசாயப் பெருமக்களே, ஒரு பயிரைக் காப்பாற்ற எத்தனை கண்ணோட்டம் வைக்கிறீர்கள்! அதே கவனத்தில் கொஞ்சம் இந்தப் பிள்ளைக்கும் போதும். வாய்க்குள் போகாமல் பாருங்கள். ஊரறியச் சொல்லி வையுங்கள். மூச்சு முட்டினால் படுக்க வைத்து, தாமதிக்காமல் அட்ரினலினுக்குக் கொண்டு போங்கள். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் போகும்போது, "இங்கே அந்த ஊசி எந்நேரமும் இருக்குமா? ராத்திரியில் வந்தால் யாரைப் பார்க்கணும்?" என்று இப்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.